பையில் இன்னொரு சேலை



சென்ற டிசம்பர் மாதத்தின் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்து, ஜனங்கள் ஒருவரையொருவர் வாழ்த்தி விடைபெற்றுக்கொண்டிருந்த வேளையில், ஒரு சகோதரி தம் மகளைக் கையில் பிடித்தபடி ஓரமாய் ஒதுங்கி நின்றார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகப் புனே நகருக்கு வந்த குடும்பம். கணவர் வாகனம் ஓட்டுகிறார். சகோதரி இரண்டு வீடுகளில் சமையல் செய்கிறார்கள். மகள் மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கூட்டம் கலைந்த பிறகு அருகில் வந்தார்கள்.

"பாஸ்டர் ஐயா, ஒரு காரியம் கேக்கணும். தப்பா நினைக்காதீங்க."

"சொல்லுங்க சகோதரி."

"ஜனவரி மூணாம் தேதி ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு வேஷம் போடுறாங்க. இவளைச் சாவித்திரிபாயா நிக்கச் சொல்லியிருக்காங்க. நெத்தியில பெருசா பொட்டு வைக்கணுமாம். வைக்கலாமா ஐயா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. பொட்டைக்குறித்து நம்முடைய சபைகளில் எத்தனை போதனைகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும், நானும் கொடுத்திருக்கிறேன். ஆகிலும் வேறொரு கேள்வி என் மனதில் முந்திக்கொண்டது. "அந்த அம்மா யாருன்னு தெரியுமா சகோதரி?" என்று கேட்டேன். "போட்டோவுல பாத்திருக்கேன் ஐயா. டீச்சராம்" என்றார்கள். சிறுமி இடைமறித்து மராத்தியில், "பஹிலி ஷிக்ஷிகா" என்றாள். முதல் ஆசிரியை என்று பொருள்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பட்டணத்தில் ஊழியம் செய்துவரும் எனக்கும் அதற்குமேல் அதிகம் தெரியாது என்பதை வெட்கத்தோடு அறிக்கையிடுகிறேன். அவர் பெயரால் விளங்கும் பல்கலைக்கழகத்தின் வாசலைக் கடந்து எத்தனையோ வீட்டு ஜெபக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். புனே பல்கலைக்கழகத்துக்கு 2014 ஆம் ஆண்டில் அவர் பெயர் சூட்டப்பட்டபோதும் செய்தித்தாளைப் புரட்டிவிட்டு அப்பால் போனேன். அந்த வாரம்தான் உட்கார்ந்து வாசித்தேன். வாசித்ததில் ஒரு பகுதியை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன்.

சாவித்திரிபாய் பூலே 1831 ஜனவரி 3 அன்று சதாரா மாவட்டத்திலுள்ள நாய்காவ் என்னும் கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் கண்டோஜி நெவசே, தாயார் லட்சுமிபாய். தோட்டப் பயிரிடும் மாளி சமுதாயத்தார். 1840 ஆம் ஆண்டில், ஒன்பது வயதில், புனேயைச் சேர்ந்த பதின்மூன்று வயது ஜோதிராவுக்கு மணமுடித்துக் கொடுத்தார்கள். அப்போது அந்தப் பெண்பிள்ளைக்கு எழுத்து வாசனையே கிடையாது. சிறுவயதில் ஷிர்வல் சந்தைக்குப் போனபோது மிஷனெரிகள் படங்கள் உள்ள ஒரு சிறு புத்தகத்தை அவள் கையில் கொடுத்தார்கள் என்றும், வாசிக்கத் தெரியாத அந்தப் புத்தகத்தைப் பத்திரமாய் வைத்திருந்து புகுந்த வீட்டுக்கும் எடுத்துவந்தாள் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள்.

ஜோதிராவ் கைக்குழந்தையாயிருந்தபோதே அவருடைய தாயார் இறந்துபோனார். அவரை வளர்த்தவர் சகுணாபாய் என்னும் இளம் விதவை, உறவுக்காரப் பெண். சகுணாபாய் ஒரு மிஷனெரியின் வீட்டில் குழந்தைகளைப் பராமரிக்கும் வேலை செய்தவர். ஜோதிராவ் புனேயிலிருந்த ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியில் படித்தார். படித்ததைத் தம் மனைவிக்கும், தம்மை வளர்த்த சகுணாபாய்க்கும் சொல்லிக்கொடுத்தார். தாயற்ற பிள்ளையை மார்போடணைத்து வளர்த்தவள், பின்பு அந்தப் பிள்ளையினிடத்திலேயே எழுத்துப் படித்தாள். பெற்றெடுக்காமல் தாயாகிறவர்கள் இந்தச் சரித்திரத்தில் அடிக்கடி வருகிறார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஆசிரியப் பயிற்சியைச் சாவித்திரிபாய் இரண்டு இடங்களில் பெற்றார். ஒன்று, புனேயில் மிட்செல் அம்மையார் நடத்திய பயிற்சிப் பள்ளி. மற்றொன்று, அகமதுநகரில் (இன்று அதன் பெயர் அகில்யாநகர்) சிந்தியா ஃபாரர் அம்மையாரின் பொறுப்பிலிருந்த பள்ளி. ஃபாரர் அமெரிக்காவிலிருந்து 1827 ஆம் ஆண்டிலே பம்பாய்க்கு வந்தவர்; மணமாகாத தனிப் பெண்ணாகக் கடல் கடந்து வந்து, பெண்பிள்ளைகளின் பள்ளிகளுக்காகவே உழைத்து, 1862 ஆம் ஆண்டில் அகமதுநகரிலேயே மரித்தார். வேதாகமக் கல்லூரியில் மிஷனெரி சரித்திரம் படித்த நாட்களில் கேரியையும் ஜட்சனையும் மனப்பாடமாய் ஒப்புவித்தோம். இந்த அம்மையாரின் பெயரை ஒரு தேர்வுத்தாளிலும் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

1848 ஆம் ஆண்டில் புனே புதவார்ப் பேட்டையிலுள்ள பிடே வாடா என்னும் வீட்டில் பெண்பிள்ளைகளுக்கான பள்ளி தொடங்கிற்று. ஆசிரியைக்கு வயது பதினேழு. கூலிக்காக அல்ல, சம்பளமே வாங்காமல் அவர் கற்பித்தார். விரல்விட்டு எண்ணத்தக்க பிள்ளைகளே வந்தார்கள். மிஷனெரிகளின் பள்ளிகள் முன்பே இருந்தன. இந்த நாட்டு ஜனங்கள் தாங்களே தங்கள் பெண்பிள்ளைகளுக்கென்று நடத்தும் பள்ளி அந்நகரில் அதுவரை இல்லை. இந்த வேறுபாடு அற்பமானதல்ல. அந்நியர் பள்ளி நடத்தினால் ஊர் முணுமுணுக்கும். சொந்த ஜனத்திலொருத்தி நடத்தினால் ஊர் கல்லெடுக்கும்.

உண்மையாகவே கல்லெடுத்தார்கள். பள்ளிக்குப் போகும் வழியில் சேறும் சாணமும் அவர்மேல் எறியப்பட்டன. அவருக்குத் துணையாக நடந்துசென்ற பள்ளிப் பணியாளர் பல்வந்த் சகாராம் கோல்ஹே பிற்காலத்தில் அந்நாட்களின் நினைவுகளைச் சொல்லி வைத்திருக்கிறார். எறிகிறவர்களைப் பார்த்து, என் சகோதரிகளுக்குக் கற்பிக்கும் பணியைச் செய்கிற எனக்கு இவை பூக்களைப்போல் இருக்கின்றன என்ற கருத்தில் பேசிவிட்டு அவர் நடப்பாராம். பையில் வேறொரு சேலை இருக்கும். அழுக்கான சேலையோடு பள்ளிக்குள் நுழைந்து, அதை மாற்றிக் கட்டிக்கொண்டு பாடம் நடத்துவார். மாலையில் வீடு திரும்பும்போது பழைய சேலையையே மறுபடியும் உடுத்திக்கொள்வார்.

இதை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் சாணம் பட்டால் மனவுறுதியோடு தாங்கிக்கொள்ளலாம். ஆனால் நாளைக்கும் படும், அதற்கடுத்த நாளும் படும் என்றறிந்து, காலையில் சோறு வடிக்கிற அவசரத்தில் ஒரு சேலையை மடித்துப் பையில் வைக்கிறதற்கு எப்பேர்ப்பட்ட மனம் வேண்டும்! வைராக்கியம் என்ற வார்த்தையை மேடைகளில் நாம் மிகத் தாராளமாய்ச் செலவழித்துவிட்டோம்.

வெளியில் மாத்திரமல்ல, வீட்டிலும் போராட்டம்தான். ஊராரின் நெருக்கத்துக்குப் பயந்து மாமனார் கோவிந்தராவ் 1849 ஆம் ஆண்டில் மகனையும் மருமகளையும் வீட்டைவிட்டுப் போகச் சொன்னார். உஸ்மான் ஷேக் என்னும் இஸ்லாமிய நண்பர் தம் வீட்டில் இடங்கொடுத்தார். அக்குடும்பத்துப் பெண் பாத்திமா ஷேக் சாவித்திரிபாயோடு சேர்ந்து ஆசிரியையானார். 1856 அக்டோபரில் சாவித்திரிபாய் நோயுற்றுத் தாய்வீட்டில் இருந்தபோது கணவருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. நான் இல்லாததால் பாத்திமாவுக்கு வேலை மிகுந்திருக்கும், ஆனாலும் அவள் முறையிடமாட்டாள் என்று அதில் கவலைப்படுகிறார். நோய்ப்படுக்கையிலும் வகுப்பறையையே நினைத்துக்கொண்டிருக்கிற உபாத்தியாயினிமாரை நீங்களும் அறிவீர்கள். விடுப்பெடுத்தால், தன் வேலையை யார் தலையில் சுமத்தினோம் என்று வருந்துகிற கூட்டம் அது.

அதே கடிதத்தில் தம் சகோதரனோடு நடந்த வாக்குவாதத்தையும் எழுதியிருக்கிறார். தாழ்த்தப்பட்டோருக்காக உழைப்பதால் நீயும் உன் புருஷனும் சாதிக்குப் புறம்பானீர்கள் என்று அவன் குற்றஞ்சாட்டினான். ஆட்டையும் மாட்டையும் தடவிக்கொடுக்கிறாய், நாகபஞ்சமியில் பாம்பைத் தேடிப்போய்ப் பால் வார்க்கிறாய், மனிதனைத் தொட மட்டும் ஏன் மறுக்கிறாய் என்ற பொருளில் அவர் பதிலளித்தார். கேட்டுக்கொண்டிருந்த தாயாரின் மனம் மாறிற்றென்றும், சகோதரன் வெட்கப்பட்டானென்றும் எழுதுகிறார். 1868 ஆம் ஆண்டில் அக்குடும்பம் தங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டது.

இவ்விடத்தில் ஒரு வார்த்தை சொல்லாமற்போனால் நான் உத்தம ஊழியனல்ல. நம்முடைய கிறிஸ்தவப் பத்திரிகைகளின் மணமகன், மணமகள் தேவைப் பக்கங்களை எடுத்துப் பாருங்கள். மறுபடியும் பிறந்தவர், அபிஷேகம் பெற்றவர் என்று முதல் வரியில் இருக்கும். சாதிப் பெயர் இரண்டாம் வரியில் இருக்கும். ஊரைவிட்டு ஆயிரம் மைல் தாண்டி வந்தோம், அந்த இரண்டாம் வரியை மட்டும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். இதற்குமேல் எழுதினால் கட்டுரை வேறு திசைக்குப் போய்விடும்.

சாவித்திரிபாய் பிள்ளை பெறவில்லை. தாயானார். அது நடந்த விதம் இது. அந்நாட்களில் பிராமணக் குடும்பங்களில் சிறுவயதிலே விதவையான பெண்கள் மறுமணம் செய்ய முடியாது. வீட்டுக்குள்ளேயே யாராலாவது வஞ்சிக்கப்பட்டுக் கருவுற்றால், சாவு அல்லது சிசுவைக் கொல்லுதல் என்ற இரண்டு வழிகள்தான் அவர்களுக்கு முன் இருந்தன. பூலேயின் நண்பர் ஒருவருடைய வீட்டில் சமையல் செய்த விதவையொருத்தி அவ்விதமே பிள்ளையைக் கொன்று, அந்தமானுக்கு நாடுகடத்தப்பட்டாள். அவளைக் கெடுத்த மனிதனுக்கு ஒன்றும் நேரவில்லை. இதனால் உள்ளம் உடைந்த தம்பதியர், இரகசியமாய் வந்து பிள்ளை பெற்றுக்கொள்ள ஒரு புகலிடத்தைத் தங்கள் வீட்டிலேயே 1863 ஆம் ஆண்டில் திறந்தார்கள். விரும்பினால் பிள்ளையை விட்டுச்செல்லலாம், விரும்பினால் எடுத்துச்செல்லலாம் என்று அறிவிப்பு எழுதிச் சுவர்களில் ஒட்டினார்கள். அப்பெண்களுக்குப் பிரசவம் பார்த்ததும், குழந்தைகளைக் குளிப்பாட்டியதும் சாவித்திரிபாய்தான். பகலில் எழுத்துக்களைப் போதித்த கைகள் இரவில் தொப்புள்கொடியை அறுத்தன.

1874 ஆம் ஆண்டில் அப்படி வந்த காசிபாய் என்னும் விதவையின் மகனை அவர்கள் தங்கள் பிள்ளையாகவே எடுத்துக்கொண்டார்கள். யஷ்வந்த் என்று பெயரிட்டார்கள். பார்வோன் குமாரத்தி நதியோரத்தில் கண்டெடுத்த பிள்ளையைப்பற்றி ஓய்வுநாள் பள்ளியில் எத்தனையோமுறை படம் வரைந்து காட்டியிருக்கிறோம். ஊரறிந்த அவமானத்தில் பிறந்த பிள்ளையை, ஊருக்கு நடுவே வைத்து வளர்ப்பது அரண்மனையில் வளர்ப்பதைப் பார்க்கிலும் கடினம். யஷ்வந்த் வளர்ந்து மருத்துவரானார். பிறப்பைக் காரணங்காட்டி அவருக்குப் பெண்கொடுக்கத் தயங்கினார்கள். கடைசியில் 1889 ஆம் ஆண்டில் சாசனே என்னும் குடும்பத்துப் பெண்ணோடு விவாகம் நடந்தது. புரோகிதரும் வரதட்சணையும் இல்லாமல், பூலே தம்பதியர் 1873 முதல் நடத்திவந்த சத்தியசோதக் சமாஜத்தின் முறைப்படி அது நடந்தது.

1888 ஆம் ஆண்டில் ஜோதிராவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலற்றுப்போயிற்று. அவர் இடது கையால் எழுதப் பழகி ஒரு நூலை முடித்தார். 1890 நவம்பர் 28 அன்று மரித்தார். அடக்கத்தில் ஒரு சச்சரவு எழும்பிற்று. பிரேதத்துக்கு முன்பாக மண்பானையை ஏந்திச்செல்லும் உரிமை வளர்ப்பு மகனுக்கு இல்லை, இரத்த உறவான எங்களுக்கே உண்டு என்று உறவினர் தடுத்தார்கள். அப்போது சாவித்திரிபாய் தாமே முன்வந்து பானையைக் கையிலெடுத்து நடந்தார். பெண்கள் இடுகாட்டுக்கே போகாத காலம் அது. கணவருக்காக அழுகிற நேரத்திலும், மகன் அவமானப்பட்டு நிற்கக்கூடாது என்பதில் அந்தத் தாய்க்கு விழிப்பிருந்தது என்றே நான் வாசிக்கிறேன்.

இனி 1897. பம்பாயில் 1896 செப்டம்பர் மாதத்தில் மாண்ட்வி பகுதியில் தோன்றிய கொள்ளைநோய், சில மாதங்களில் புனேக்கும் பரவிற்று. கிருமியை 1894 ஆம் ஆண்டிலேயே ஹாங்காங்கில் எர்சின் கண்டுபிடித்திருந்தார். ஆனால் எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சிதான் அதைச் சுமந்துவருகிறது என்று சிமோன் காட்டியது 1898 ஆம் ஆண்டில்தான். ஹாஃப்கின் பம்பாயில் தடுப்பூசி தயாரித்து, 1897 ஜனவரியில் முதலாவது தம் உடலிலேயே செலுத்திப் பார்த்தார். அது ஜனங்களுக்குப் பரவலாய்ப் போய்ச்சேர இன்னும் காலம் இருந்தது. அரசாங்கம் பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. 2020 ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது நம்மை வீடுகளுக்குள் இருக்கச் செய்தவற்றில் அதே 1897 ஆம் ஆண்டுச் சட்டமும் ஒன்று.

இராணுவத்தில் மருத்துவப் பணியிலிருந்த யஷ்வந்தைத் தாயார் வரவழைத்தார். நகருக்குப் புறம்பே ஹடப்சரில், சாசனே மளா என்னும் தோட்ட நிலத்தில் சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. மகன் மருந்து கொடுத்தார்; அறுபத்தாறு வயதான தாயார் நோயாளிகளைத் தேடிப்போய் அழைத்துவந்தார். முந்த்வா கிராமத்தில் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பில் பாண்டுரங் என்னும் சிறுவன் நோய்ப்பட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டு அங்கே போனார். வண்டி இல்லை. பிள்ளையைத் தம் முதுகில் சுமந்துகொண்டு ஹடப்சர்வரை நடந்தார். தெள்ளுப்பூச்சியைப்பற்றி அவர் அறியார். ஆனால் நோயாளியைத் தொட்டால் தொற்றும் என்ற பயம் அந்நாளில் எல்லாருக்கும் இருந்தது, அவரும் அதை அறிந்திருந்தார். தொற்றிற்று. 1897 மார்ச் 10 அன்று சாவித்திரிபாய் மரித்தார்.

நம்முடைய விசுவாசப் பிள்ளைகளில் பலர் முந்த்வா, மகர்பட்டா, ஹடப்சர் பாதையில்தான் தினந்தோறும் கணினி அலுவலகங்களுக்குப் போய்வருகிறார்கள். போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது அந்தப் பாதையை ஒருமுறை ஏறெடுத்துப் பாருங்கள்.

2021 ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதத்தில் எங்கள் சபையின் ஒரு சகோதரர் மருத்துவமனையில் இருந்தார். அவருடைய மனைவி தொலைபேசியில் அழைத்து, "ஐயா, வெளிய வாசல்லயாவது வந்து நில்லுங்க, எனக்குத் தைரியமா இருக்கும்" என்றார்கள். எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு, வீட்டில் வயதான மாமியார் இருந்தார்கள், வெளியே செல்லத் தடையும் இருந்தது. எல்லாம் நியாயமான காரணங்கள். தொலைபேசியிலேயே ஜெபித்தேன். மறுநாள் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்தச் சகோதரி இதுவரைக்கும் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. முந்த்வா சிறுவனைப்பற்றி வாசித்த இரவில் அவர்களுடைய குரல்தான் என் காதில் கேட்டது.

சில பிரசங்கிமார் சாவித்திரிபாயை இரகசியக் கிறிஸ்தவள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. மிஷனெரிகளிடத்தில் படித்தார்கள், அவர்களை நன்றியோடு நினைத்தார்கள், சிருஷ்டிகர் ஒருவரே என்றும் போதித்தார்கள். ஆனால் அவரும் கணவரும் சபையில் சேரவில்லை, ஞானஸ்நானம் பெறவில்லை. நமக்குச் சொந்தமல்லாததை நம்முடைய கணக்கில் எழுதிக்கொள்வது உண்மையுள்ள காரியமல்ல. நாம் அவருக்குக் கடன்பட்டவர்கள் என்று சொல்லுவதில் குறைவொன்றுமில்லை. இந்த மாநகரத்தில் நம் பெண்பிள்ளைகள் கட்டணமில்லாமல் உட்கார்ந்து படிக்கிற பெஞ்சுக்கு முதல் விலை செலுத்தியவர்களில் அவர் ஒருவர்.

பிடே வாடா இடிந்துபோன நிலையில் பல ஆண்டுகள் கிடந்தது; நீதிமன்ற வழக்குகள் முடிந்து, நினைவிடம் கட்டுவதற்காக 2023 டிசம்பரில் மாநகராட்சி அதை அகற்றிற்று. தகடூஷேட் கணபதி கோவிலுக்கு எதிரே இருக்கிறது அந்த இடம். கஞ்ச் பேட்டையில் அவர்கள் வாழ்ந்த வீடு இன்றும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

ஜனவரி 2 மாலை அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போனேன். தேநீர் வைத்துக் கொடுத்தார்கள். வாசித்ததையெல்லாம் தாய்க்கும் மகளுக்கும் சொன்னேன். சாணம் எறிந்த இடத்தில் சிறுமி, "ஏன் எறிஞ்சாங்க?" என்று மூன்று தடவை கேட்டாள், மூன்று தடவையும் என் பதில் அவளுக்குப் போதவில்லை. தாயார் தம் கதையைச் சொன்னார்கள். தம்பி பிறந்ததும் அவனைப் பார்த்துக்கொள்ள ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்களாம். பொட்டைக்குறித்து, "படத்துல இருக்கிறபடியே பிள்ளை நிக்கட்டும் சகோதரி. வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிக்கிடட்டும்" என்றேன். இதற்காக ஆசிரியருக்குக் கடிதம் எழுத விரும்புகிறவர்கள் தாராளமாய் எழுதலாம். பதில் எழுத நான் ஆயத்தமாயிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு அந்தச் சகோதரி சிரித்துக்கொண்டே வந்தார்கள். மூன்றாம் தேதி காலையில் வேஷமெல்லாம் போட்டு முடித்தபிறகு, பிள்ளை கிளம்பமாட்டேன் என்று நின்றுவிட்டாளாம். இன்னொரு சேலை வேண்டும் என்றாளாம். வேறு வழியில்லாமல் அம்மாவின் பழைய நூல் சேலையொன்றை மடித்துக் கொடுத்தார்களாம். பள்ளியில் ஆசிரியை, பையில் என்னவென்று கேட்டபோது, "வழியிலே எறிஞ்சிட்டாங்கன்னா மாத்திக்கிட்டுத்தான் பாடம் எடுக்கணும்" என்று மராத்தியில் சொன்னாளாம்.